ஒன்பதை ஒன்றாக்குதல்

புதுவயலில் அன்று மதியம்
மின்சாரம் இரண்டு முறை துடித்துப் போனது.
மூன்றாம் முறை வந்தபோது
அரிசி ஆலைக் கணினியின் அஞ்சல்பெட்டி
கழுவிக் கவிழ்த்த அண்டா.
"ஏழு வருஷம்" என்றார் சௌந்தரநாயகி, போனில்.
அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

காரைக்குடியிலிருந்து கண்டனூர் வழியாகப் பேருந்து.
பையில் ஒரு ஹார்டு டிஸ்க்,
இரண்டு ஸ்க்ரூ டிரைவர்.
ஸ்க்ரூ டிரைவர் தேவைப்படாது,
மேசைமேல் கிடந்தால் முதலாளிகளுக்கு நம்பிக்கை.

வேண்டியது ஒரே ஒரு மடல்.
கொல்லத்து வியாபாரி
கிலோ நாற்பத்திரண்டு ஐம்பது என்று எழுதிக் கொடுத்தது.
இப்போது நாற்பத்தொன்று என்கிறார்.
பன்னிரண்டு லாரி.
நாலரை லட்சம் என்று
கணக்குப் போடாமலே சொன்னார் அடைக்கப்பன்,
என் நாற்காலிக்குப் பின்னால் நின்று.

விசைப்பலகையில் தவிட்டுத் தூள்.
எட்டாம் எண் அமுங்கினால் எழ மறுக்கிறது.

கோப்பு இருந்தது.
ஒன்றரை ஜி.பி. கனத்தோடு, பெயருக்கு வாலில்லாமல்.
பக்கத்து அட்டவணைக் கோப்புதான் சிதைந்திருந்தது.
மடல்கள் எங்கும் போகவில்லை,
எங்கே இருக்கின்றன என்று சொல்லத்தான் ஆளில்லை.

முதலில் நகல் எடுத்தேன்.
(சிறாவயலில் ஒரு தடவை எடுக்காமல் தொட்டுப்
பட்டது போதும்.)
அட்டவணையை நீக்கி நிரலைத் திறந்ததும்
அது தானாகவே எண்ணத் தொடங்கியது,
நூறு, அறுநூறு, மூவாயிரம்.
கொல்லம் மட்டும் வரவில்லை.

"அழிச்சிருப்பேனோ..."
சொன்னவரின் கை வாயருகே போய் நின்றது.

அழிப்பது என்று நாம் சொல்வது
மடலின் தலையில் ஓர் எண்ணை மாற்றுவது.
படித்ததற்கு ஒன்று.
படித்து வீசியதற்கு ஒன்பது.
வீசியது அதே இடத்தில் கிடக்கும்,
பெட்டியைச் சுருக்கச் சொல்லும்வரை.
இடத்தை மிச்சப்படுத்தவா என்று நிரல் கேட்ட போதெல்லாம்
'பிறகு' என்றே அமுக்கியிருக்கிறார், ஏழு வருஷமாய்.

ஒன்பதையெல்லாம் ஒன்றாக்கு என்றேன்.
ஆக்கியது.
யாரை எழுப்புகிறோம் என்று
அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வந்தன:
சாக்கு விலை, தவிடு கேட்டு மாட்டுத்தீவனக்காரர்,
லாட்டரியில் வென்றதாக ஏமாற்று,
கொதிகலன் ஆய்வாளரின் வருகை,
கொல்லம் — நாற்பத்திரண்டு ஐம்பது, ஞாயிறு இரவு 9.40.
"இந்தா" என்று அடைக்கப்பன் குனிந்தார்.

அதற்கு மூன்று வரி கீழே
அனுப்புநர் சௌந்தரநாயகி.
பெறுநரும் சௌந்தரநாயகி.
பொருள்: பணி விலகல்.
இன்னும் கீழே, மறுபடி.
சுட்டியை உருட்டினேன், கொஞ்சம் வேகமாக,
உருட்டிய இடத்தில் மூன்றாவது.

சௌந்தரநாயகி பிரிண்டருக்குத் தாள் வைக்கப் போனார்.
அதில் ஏற்கெனவே தாள் இருந்தது.
அடைக்கப்பன் கண்ணாடியைக் கழற்றி
வேட்டி முனையில் துடைத்தார், வெகுநேரம்.
நெல் அவியும் வாசனை உள்ளே வந்தது.

கிளம்பும்போது அவர் தணிந்த குரலில் கேட்டார்:
"இப்பச் சுருக்கிட்டா எல்லாம் போயிருமா?"
போய்விடும்.
"சுருக்கலேன்னா?"
இருக்கும்.
தலையாட்டினார். எதற்கென்று சொல்லவில்லை.

எடைமேடை வரை அடைக்கப்பன் கூட வந்தார்.
பேரம் இல்லாமல் ஆயிரத்து இருநூறு.
பிறகு, லாரியைப் பார்த்துக்கொண்டே,
"அந்த மூணாவதுல தேதி என்ன போட்டிருந்துச்சு?"

நான் மடல் படிப்பதில்லை, எண்ணுவதோடு சரி என்றேன்.

போன மாதம் இருபத்தெட்டு.

பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன்,
ஸ்க்ரூ டிரைவர்களை அங்கேயே விட்டிருக்கிறேன்.
போய் எடுக்க வேண்டும்.
அடுத்த வாரம். அல்லது
அவரே கூப்பிட்டால்.